மழைக்காலத் தூளும் ஓர் அட்டையில்லாப் புத்தகமும்

2013 ஜூலை 9, செவ்வாய்

காலையில் மேகம் வாசல்வரை வந்து நின்றுகொண்டது. துணி காயாது. அவருக்குச் சவரம் செய்து முடிக்கவே ஏழரை. இடது தாடையில் இன்றும் லேசாகக் கீறிவிட்டேன். "பரவால்ல சுந்தரி" என்றார். ஸ்வெட்டருக்குப் பட்டன் போட்டு, குரங்குக் குல்லாவை மாட்டி, டீயைக் கையில் கொடுத்து, ஜன்னலோர நாற்காலியில் உட்கார வைத்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

எட்டு மாதமாக இதேதான். போன நவம்பர் மழையில் வாசற்படியில் வழுக்கி விழுந்தார். இடுப்பு தப்பியது, முழங்கால் தப்பவில்லை. ஆஸ்பத்திரியில் காய்ச்சலும் சேர்ந்துகொண்டு மூன்று நாள் ஆளே மாறிப்போனார். என்னைப் பார்த்து, "நைட் ஷிஃப்ட்டுக்கு இலை வந்துடுச்சா?" என்று கேட்டார். ஃபாக்டரியை விட்டு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அது காய்ச்சலில் வரும் குழப்பம், தானாகப் போய்விடும் என்றார் டாக்டர். போயும் விட்டது. என் பயம்தான் போகவில்லை.

மத்தியானம் லூயிஸ் போன் செய்தான். கோயமுத்தூரில் அவன் இருக்கிற அதே மாடியில் எதிர் ஃப்ளாட் அக்டோபரில் காலியாகிறதாம். "ஆகஸ்ட் கடைசிக்குள்ள சொல்லிட்டீங்கன்னா புடிச்சு வெச்சிருவேம்மா. அந்த ஊட்டைக் குடுத்துட்டு ரெண்டு பேரும் வந்துருங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "அப்பாவுக்கு ஒண்ணுமே முடியறதில்லடா. நாக்குகூடப் போயிருச்சு. எந்தத் தூள்ல போட்டுக் குடுத்தாலும் பேசாமக் குடிக்கறாரு" என்றும் சொன்னேன். முப்பத்தாறு வருஷம் டீ ஃபாக்டரியில் வேலை, அதில் பாதி டீ மேக்கராக, இலையைத் தூளாக்குவதற்குப் பொறுப்பாக. பறித்த இலை ரோலரில் விடும் அளவுக்கு வாடிவிட்டதா என்று கைப்பிடியில் அமுக்கிப் பார்த்தே சொல்லிவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் காலை டீ அவர்தான் போடுவார். என்னைக் கெட்டில் பக்கமே விட்டதில்லை. பக்கத்து வீட்டு அங்கம்மா நவம்பரில் கொடுத்த ஐந்து கிலோ தூளைத்தான் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பழைய சில்வஸ்டராக இருந்தால் முதல் மடக்கிலேயே டம்ளரைக் கீழே வைத்திருப்பார்.

வயதாகிவிட்டது. வேறென்ன.

ஜூலை 12, வெள்ளி

கெட்டிலைத் தூக்கப் போனார். பிடுங்கி வைத்தேன். கை சுட்டுக்கொண்டால் யார் பார்ப்பது?

ஜூலை 16, செவ்வாய்

அங்கம்மாவை அவருக்குத் துணையாக உட்கார வைத்துவிட்டுக் கோத்தகிரி நூலகத்துக்குப் போனேன். பஸ்ஸில் ஒரு மணி நேரம். மறதி நோய் பற்றி ஏதாவது புத்தகம் இருக்கிறதா என்று நூலகர் இசக்கிமுத்துவிடம் கேட்டேன். தேடித் தேடி ஒன்றைக் கொண்டுவந்தார். அட்டை இல்லை. முதல் எட்டுப் பக்கமும் இல்லை. எழுதியவர் யாரென்றே தெரியாது. வயதாகும்போது மனம் எப்படி மாறுகிறது என்பது பற்றி யாரோ தமிழில் எழுதியிருக்கிறார்கள். "மறதிக்குன்னு தனியா இல்லீங்க டீச்சர். இதுல ஒரு பாடம் இருக்குதுங்க" என்றார்.

பஸ்ஸிலேயே பிரித்தேன். பக்கத்துக்கு இரண்டு எழுத்துப்பிழை. முப்பது வருஷம் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு எடுத்த கை சும்மா இருக்குமா? பையிலிருந்து பென்சிலை எடுத்துத் திருத்திக்கொண்டே வந்தேன்.

ஜூலை 18, வியாழன்

அவருக்காகத்தான் எடுத்து வந்தேன். நாற்பதாம் பக்கத்தில் பார்த்தால் நான் இருக்கிறேன்.

அறுபதைத் தாண்டியவர்களுக்குப் பெயர்கள் நாக்கு நுனிவரை வந்து நின்றுவிடும் என்று போட்டிருக்கிறது. முந்தாநாள் பஸ்ஸில் ஒருத்தி, "டீச்சர், நல்லாயிருக்கீங்களா?" என்று கையைப் பிடித்தாள். என்னிடம் படித்தவள். முகம் தெரிகிறது, அவள் உட்கார்ந்த பெஞ்சு தெரிகிறது, சிலேட்டை உடைத்தது தெரிகிறது, பெயர் மட்டும் வரவில்லை. இறங்கிப் பத்து நிமிஷம் கழித்துக் கத்தரிக்காய் வாங்கும்போது வந்தது: மாரியாயி. கடைக்காரனிடமே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, "யாருங்க?" என்று கேட்டான்.

பெயர் தாமதமாக வரும், ஆனால் சொற்களும் அனுபவத்தில் வந்த தீர்மானமும் குறையாது, பலருக்குக் கூடவும் செய்யும் என்கிறது புத்தகம். தாமதம் வேறு, இழப்பு வேறாம். எனக்கு நடந்தால் தாமதம் என்று ஒத்துக்கொள்கிறேன். அவருக்கு நடந்தால் போச்சு என்று லூயிஸுக்குப் போன் போடுகிறேன். இது என்ன நியாயம் என்று எனக்கே தோன்றியது. ஆனாலும் அவர் விழுந்தவர், நான் விழவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

சர்ச்சுக்குப் பூசைக்குப் போய் வந்தோம். போகும்போது கையைப் பிடித்தேன், வரும்போதும் பிடித்தேன்.

புத்தகத்தில் இன்று படித்தது: முதுமை என்றாலே தேய்வுதான் என்று நம்புகிறவர்கள் நோயிலிருந்து தேறி எழுவதும் மெதுவாம். சுற்றி இருப்பவர்கள் சொல்லும் சொல்லும் காதில் விழுந்து விழுந்து உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளுமாம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. இருந்தாலும் ஒரு சோதனை செய்தேன். இன்று ஒரு நாளில் "வயசாயிருச்சுல்ல" என்று எத்தனை தடவை சொல்கிறேன் என்று காலண்டர் தாளில் கோடு போட்டுப் பார்த்தேன். இரவு ஜெபத்துக்கு முன் எண்ணினால் பதினேழு. அதில் பதினொன்று அவர் எதிரில், ஃபாதரிடம் சொன்னதையும் சேர்த்து.

பதினேழு தடவை ஒரு பிள்ளையை மக்கு என்று நான் சொல்லியிருந்தால் அது படித்திருக்குமா?

ஜூலை 27, சனி

இன்று புத்தகத்தை மூடிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். படிக்க வேண்டாம்.

இல்லை, எழுதிவிடுகிறேன். வெளிநாட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் யாரோ உட்கார்ந்து கவனித்திருக்கிறார்கள். தானாகச் சட்டை போட்டுக்கொண்ட கிழவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. "முடியலை" என்றவரிடம் எல்லோரும் ஓடி வந்தார்கள், பேசினார்கள், தட்டிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் முடிகிறவர்களும் முடியாதவர்களாகிப் போனார்களாம். இன்னோர் இல்லத்தில் ஒரு மாடிக்காரர்களுக்கு ஆளுக்கொரு செடியைக் கொடுத்து, நீங்களே தண்ணீர் ஊற்றுங்கள், உங்கள் காரியத்தை நீங்களே முடிவு செய்யுங்கள் என்றார்கள். அடுத்த மாடியில் செடியைக் கொடுத்துவிட்டு, நாங்களே ஊற்றுகிறோம், நீங்கள் உட்காருங்கள் என்றார்கள். உட்கார்ந்தவர்கள் சுருங்கிப்போனார்கள்.

செடிகூட நான் கொடுக்கலையே. இருந்த கெட்டிலையும் புடுங்கி வெச்சவதானே நான். சவரக் கத்தி, கெட்டில், குடை, வாசல் சாவி, செல்போன் — ஒவ்வொண்ணா எடுத்து உள்ள வெச்சேன். செல்போன் நவம்பர்லேருந்து என் பீரோலதான் கெடக்குது. நம்பர் போடத் தெரியாதுன்னு நானே முடிவு பண்ணிட்டேன். அவர் ஒரு வார்த்தை கேக்கலை. கேக்கலைன்னா வேண்டாம்னா அர்த்தம்? பாசத்துலதான் செஞ்சேன், சத்தியமா. பாசத்துல செஞ்சா செரியாயிருமா?

எட்டு மாசம்.

ஜூலை 28, ஞாயிறு

ஸ்வெட்டர் பட்டனை நான் போடவில்லை. ஐந்து பட்டன், பதினோரு நிமிஷம். என் இரண்டு கைகளின் மேலும் நானே உட்கார்ந்துகொண்டேன். கடைசிப் பட்டன் ஓட்டை மாறிப்போனது. அவரே பார்த்தார், கழற்றினார், மறுபடி போட்டார். பூசையில் இரண்டாவது பாட்டு பாடும்போதுதான் போய்ச் சேர்ந்தோம். யாரும் செத்துப்போகவில்லை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

கெட்டிலை அவர் முன்னால் வைத்தேன். "நாளையிலிருந்து" என்று சொல்லத்தான் நினைத்தேன். "இன்னைக்கு நீங்க போடுங்க" என்று வாயில் வந்துவிட்டது.

என்னையே பார்த்தார். "நெசமாத்தான் சொல்றயா?"

"சொன்னாப் போடுங்களேன்."

தண்ணீரைப் பாதிதான் பிடித்தார், தூக்கத் தோதாக. எனக்கு அந்த யோசனை வந்திருக்காது. தண்ணீர் கொதிக்கும் சத்தத்தைக் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு நின்றார். கப்புகளை வெந்நீர் ஊற்றிச் சுட வைத்தார். தூளைப் போட்டு மூடிவிட்டு, கடிகாரத்தைப் பார்க்காமல், மூடி இடுக்கில் மூக்கை வைத்து வைத்து எடுத்தார். நடுவில் ஒரு தடவை முழங்கால் மடங்கி மேடையைப் பிடித்துக்கொண்டார். என் வாயில் "அய்யோ" வந்தது. விழுங்கினேன். மொத்தம் இருபத்தைந்து நிமிஷம், மேடையெல்லாம் தண்ணீர்.

குடித்தேன். நான் எட்டு மாதம் போட்ட அதே தூள்தான். என்னமோ நான் போட்டது மாதிரி இல்லை. அவரும் குடித்தார். தூளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நாக்கு போனது போனதுதான் போலிருக்கிறது. போகட்டும், கை இருக்கிறது.

ஆகஸ்ட் 10, சனி

கடவுளே, இன்றைக்கு மாதிரி ஒரு நாள் வேண்டாம்.

நேற்று ரம்ஜான். கோத்தகிரி பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஹபீப் முகமது இவருக்கு நாற்பது வருஷச் சிநேகிதர். "ஹபீபைப் பாத்துட்டு வந்தர்றேன்" என்றார் இன்று காலை. தனியாக. புத்தகம் கண்ணில் நின்றது, சரி என்றேன். ஒன்பது மணி பஸ்ஸில் ஏறினார். ஒரு மணிக்கு வந்திருக்க வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று பஸ் வந்தது, ஆள் வரவில்லை. போன் செய்யலாம் என்றால் அவர் போன் என் பீரோவில். ஹபீப் கடை நம்பர் அந்தப் போனுக்குள். சார்ஜ் செத்து எட்டு மாதம்.

நாலரை மணி பஸ்ஸில் கையில் பிரியாணித் தூக்கோடு சாவகாசமாக இறங்குகிறார். ஹபீப் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சாப்பிட வைத்தாராம். அப்புறம் கடையில் உட்கார்ந்து பேசினார்களாம்.

பஸ் ஸ்டாப்பிலேயே வைத்துக் கத்திவிட்டேன். "இனி எங்கயும் போக வேண்டாம். போதும். ஃப்ளாட்டுக்குச் சரின்னு இன்னைக்கே லூயிஸுக்குச் சொல்லிர்றேன்." அங்கம்மா வேடிக்கை பார்த்தாள். அவர் தூக்கை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, "செரி" என்றார்.

அந்தச் செரிதான். எட்டு மாதமாக எல்லாவற்றுக்கும் அதே செரி. ஒரு தடவையாவது எதிர்த்துப் பேசினால் எனக்கும் தெம்பாக இருக்கும்.

லூயிஸுக்கு இன்னும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

சொல்லவில்லை. போனை எடுத்தேன், வைத்தேன். அவருடைய போனைப் பீரோவிலிருந்து எடுத்துச் சார்ஜ் போட்டேன்.

புத்தகத்தில் கடைசிக்கு முந்தின பாடம். இருக்கிற நாள் குறைவு என்று தெரியும்போது மனிதர்கள் தங்களுக்கு எது முக்கியமோ அதை மட்டும் பொறுக்கி வைத்துக்கொள்வார்களாம். சின்னச் சண்டைகளைக் கண்டும் காணாமல் விட்டுவிடுவார்களாம், வேண்டியவர்கள் நிம்மதியாக இருக்க வேண்டும் என்று. வெளியில் இருந்து பார்ப்பவர்கள் அதை இயலாமை என்று தப்பாக எடுத்துக்கொள்வார்களாம். ஓரத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டேன். எனக்கு அறுபத்து மூன்று. நான் எந்தச் சண்டையையும் விட்டதாக ஞாபகம் இல்லை.

ஆகஸ்ட் 17, சனி

நிதானமாக எழுத வேண்டும். கை ஓடமாட்டேன் என்கிறது.

பிரியாணித் தூக்கைத் திருப்பிக் கொடுக்கக் கோத்தகிரி போனேன். ஹபீப் முகமது வழக்கம்போல ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "ஏனுங்க டீச்சரம்மா, அந்த மழைத் தூளு இன்னும் தீரலீங்களா?"

"எந்த மழைத் தூளு?"

"ஊட்ல ஓடுதாமுல்லங்க. சில்வஸ்டர் சொன்னாரு. மழை பேயறப்பப் பறிச்ச எல, செரியா வாடாமயே ரோலர்ல உட்டுட்டாங்க, போதாததுக்குப் பழைய டஸ்டும் கலந்துருக்குதுன்னு. மொத நாளே தெரிஞ்சு போச்சாம். நான் நல்ல தூளு கட்டித் தர்றனுங்கன்னேன். வேண்டாம், சுந்தரிக்குத் தெரிய வேண்டாம்னுட்டாரு." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். "அட, நானே சொல்லிப்போட்டேன் பாருங்க."

அன்றைக்குக் கடையில் அவ்வளவு நேரம் என்ன செய்தார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. ஹபீப் கடைக்கு வாங்கலாமா என்று வைத்திருந்த மூன்று மாதிரித் தூளையும் டீயாக ஊற்றிக் கொடுத்தாராம். இவர் குடித்துத் துப்பி, ஒன்றைத் தள்ளி வைத்துவிட்டு, மற்ற இரண்டில் எது எந்த மாதத்து இலை என்று சொன்னாராம். "ஒண்ணு மட்டும் தப்பாப் போச்சுங்க, மார்ச்சுன்னாரு, அது ஏப்ரலு" என்றார் ஹபீப், பெரிய குறையைச் சொல்வதுபோல.

வீட்டுக்கு வந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து தாமாகச் சவரம் செய்துகொண்டிருந்தார். எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"அந்தத் தூளு கண்றாவின்னு உங்களுக்குத் தெரியும்ல?"

கத்தியைத் தண்ணீரில் அலசினார். நானே பதில் சொல்லப் போனேன், பிறகு வாயை மூடிக்கொண்டேன். சவரக் கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தார், முகத்தைத் துடைத்தார், அப்புறம்தான் வந்தது.

"ஆஸ்பத்திரில மூணு நாளு ஃபாக்டரின்னு ஒளறிட்டுக் கெடந்தனாமே, அது எனக்கு ஞாவகம் இல்ல. நாலா நாளு கண்ணத் தொறந்தப்ப உன்ற கைதான் தெரிஞ்சுது. டம்ளரப் புடிச்சிட்டிருந்த. டம்ளரு கட்டில் கம்பில பட்டு டகடகன்னு சத்தம். அப்படி ஒரு நடுக்கம். ஊட்டுக்கு வந்தும் நிக்கல. எனக்குப் பட்டன் போட்டு உடறப்ப மட்டும் நின்னுச்சு. டீயக் குடுக்கறப்ப நின்னுச்சு. செரி, செய்யட்டும்னு உட்டுட்டேன்."

"அதுக்குன்னு எட்டு மாசம் அதக் குடிப்பீங்களா?"

"மொத மாசந்தான் கஷ்டம்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "கோயமுத்தூருக்கும் செரின்னீங்களே. அதுவும் இதே கணக்கா?"

"அங்க போனா உனக்குப் பயம் தெளியும்னா வர்றேன். எனக்கு இங்கதான் புடிக்கும். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்." கவிழ்த்த சவரக் கண்ணாடியை எடுத்து உறையில் போட்டார். "நீ கேக்கல, சுந்தரி."

நான் கேட்கவே இல்லை. லூயிஸிடம் கேட்டேன், ஃபாதரிடம் கேட்டேன், அட்டையில்லாத புத்தகத்திடம்கூடக் கேட்டேன்.

நான் இவரைப் பார்த்துக்கொள்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். இவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், தினமும் இரண்டு வேளை, அந்தத் தூளைக் குடித்து. முகத்தில் ஒரு சுளிப்புக் காட்டாமல். நாக்கையே பெருமையாக வைத்து வாழ்ந்த மனுஷன். இவரோடு நாற்பது வருஷம் குடித்தனம் செய்திருக்கிறேன். இன்றைக்குத்தான் நிமிர்ந்து பார்த்த மாதிரி இருக்கிறது. என்ன ஒரு மனசு. எனக்கு இது வராது. இருபது வருஷம் பழகினாலும் வராது.

பென்சிலால் போட்ட கேள்விக்குறியை அழித்தேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

லூயிஸ் பதிலை நேரிலேயே வாங்கிக்கொண்டு போகலாம் என்று காலையிலேயே வந்துவிட்டான். அப்பா டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். அவர் சமையலறையிலிருந்து நடந்து வருகிறவரை லூயிஸ் பாதி எழுந்தே நின்றான்.

"நாங்க வரலைடா" என்றேன்.

"ஏம்மா, நீங்கதான சொன்னீங்க அப்பாவுக்கு ஒண்ணுமே முடியறதில்லன்னு?"

"சொன்னேன். தப்பாச் சொன்னேன். முடியறதையெல்லாம் நாந்தான் செய்ய உடலை. அப்புறம் முடியலைன்னு உனக்குப் போன் பண்ணிட்டேன்." முப்பது வருஷம் பிள்ளைகளைத் தப்பு என்று ஒத்துக்கொள்ள வைத்தவள். எவ்வளவு கஷ்டம் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு புத்தகத்தப் படிச்சுட்டுப் பேசறீங்க. மறுபடி உழுந்தா? நான் அங்கிருந்து வந்து சேர மூணு மணி நேரம் ஆகும்மா. போன தடவ வர்றதுக்குள்ள நான் பட்டது எனக்குத்தான் தெரியும்." டீக்கப்பைத் தள்ளி வைத்தான். பாவம், அவனுடைய பயத்தையும் நான்தான் ஊதிப் பெரிதாக்கியிருக்கிறேன்.

"அப்பாவக் கேளு" என்றேன்.

கேட்டான். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அரை நிமிஷம், ஒரு நிமிஷம். லூயிஸ், "பாத்தீங்களா, அப்பாவுக்கு..." என்று ஆரம்பித்தான். அவன் கையை அழுத்திப் பிடித்தேன். இந்த இடத்தில்தான் நாங்கள் எல்லோரும் எப்போதும் குறுக்கே விழுந்திருக்கிறோம். பதில் கிளம்பி வந்துகொண்டிருக்கும்போதே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

"படில கைப்புடிக்கு ஒரு கம்பி போட்டுக் குடு" என்றார். "தெனம் காலைல ஏழு மணிக்கு உனக்கு நானே போன் பண்றேன். பண்ணலைன்னா பொறப்பட்டு வா. ஜனவரித் தூளு ஒருக்காப் பாத்துட்டு மத்ததச் சொல்றேன்." பனிக்காலத்து இலையில்தான் வாசம் கூடும் என்பது அவர் கணக்கு.

"ஃப்ளாட் அதுவரைக்கும் நிக்காதுப்பா."

"நிக்காட்டிப் போவட்டும்."

லூயிஸ் டீயைக் குடித்தான். கீழே வைத்துவிட்டு, "இன்னொரு கப் இருக்குதாப்பா?" என்றான்.

செப்டம்பர் 5, வியாழன்

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். இசக்கிமுத்து புரட்டிப் பார்த்து, "டீச்சர், பூராவும் கோடு போட்டு வெச்சுருக்கீங்களே" என்றார். பிழைகளைத்தான் திருத்தினேன், அழிக்கச் சொன்னால் பிழை திரும்ப வந்துவிடும் என்றேன். சிரித்துக்கொண்டே அலமாரியில் செருகினார். பழைய பேப்பரில் அட்டை போட்டுக் கொடுத்திருக்கலாம், அடுத்த தடவை செய்ய வேண்டும்.

செப்டம்பர் 19, வியாழன்

அடுப்பில் கெட்டிலை வைத்துவிட்டு மறந்துபோனார். தண்ணீர் வற்றி அடி கருகி, வீடெல்லாம் நாற்றம். நான் ஒன்றும் பேசவில்லை என்று எழுதினால் பொய். பேசினேன், நன்றாகவே பேசினேன். ஆனால் "வயசாயிருச்சுல்ல" என்று மட்டும் சொல்லவில்லை.

சாம்பல் போட்டு அவரே ஒரு மணி நேரம் தேய்த்தார். அப்புறம் அலாரம் கடிகாரத்தை அடுப்பு மேடையில் கொண்டுவந்து வைத்தார். கடிகாரம் பார்த்து டீ போடுபவர்களை வாழ்க்கை முழுக்கக் கேலி செய்தவர். எல்லாம் சரியாகிவிடும் என்று அந்தப் புத்தகமும் எங்கேயும் சொல்லவில்லை. குறைந்ததற்கு ஈடாக வேறு வழி கண்டுபிடிப்பார்கள் என்றுதான் சொன்னது. கண்டுபிடித்துவிட்டார்.

அதே நாளில் நான் மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடினேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கடைசியில்தான் சொன்னார்.

நவம்பர் 14, வியாழன்

விழுந்து ஒரு வருஷம். அதே மழை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, குடையோடு, படி இறங்கிப் பால் வாங்கி வந்தார். நான் ஜன்னலுக்குள்ளேயே நின்றேன். கை நடுங்கியது. யாருக்கும் பட்டன் போட்டுவிடவில்லை. கொஞ்ச நேரத்தில் தானாக நின்றது.

2014 ஜனவரி 12, ஞாயிறு

உறைபனியில் ஊட்டிப் பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாம், இங்கே அவ்வளவு இல்லை. ஹபீப் முகமது ஜனவரித் தூளில் கால் கிலோ கொடுத்தனுப்பியிருந்தார். பொட்டலத்தைப் பிரித்துக் கையில் கொட்டி, வாயால் ஊதி, மூக்கருகே வைத்தார். என்னையும் முகரச் சொன்னார். எனக்குத் தூள் வாசனைதான் வந்தது. "பூ வாசம் அடிக்குது பாரு" என்றார். அடிக்குது என்றேன்.

ஏழு மணிக்கு லூயிஸுக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"ஜனவரித் தூளு பாத்தாச்சாப்பா? என்ன முடிவு?"

நான் உலையைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன். இந்தத் தடவை யாரும் குறுக்கே பேசவில்லை, லூயிஸும்தான்.

"ஒரு வருசத்துத் தூள வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. அடுத்த ஜனவரியும் பாக்கணும்."

அந்தப் பக்கம் லூயிஸ் சிரிக்கிற சத்தம் கேட்டது. "செரிப்பா" என்றான்.

ஜனவரி 20, திங்கள்

ஆறரைக்கு எழுந்தேன். குளிர் அதிகம், வெயில் இன்னும் எட்டவில்லை. சமையலறையில் அலாரம் அடித்து நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அவர் நடந்து வரும் சத்தம், நின்று நின்று, கப்பும் சாசரும் உரசிக்கொள்ளும் சத்தம். அங்கிருந்து இங்கே வருவதற்கு இப்போது நாலு நிமிஷம் ஆகிறது. மேசைமேல் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

டீ ஆறிப்போயிருந்தது. முழுக்கக் குடித்தேன். நன்றாக இருக்கிறது என்றேன்.